இலை காயும்வரை

இந்தக் கதையைப் பல வருடங்களாக என்னால் நம்ப முடியவில்லை. சொன்னவர் பொய்க்காரர் அல்ல. ஆனால் களைத்துப்போன மனிதன் தன் களைப்புக்குத் தலையணையாக ஒரு கதையைச் செய்துகொள்வான். அதில் படுத்துப் படுத்து அது அவன் தலையின் வடிவத்துக்கே வந்துவிடும். இதுவும் அப்படி ஒன்றாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கேட்டபடி சொல்லிவிடுவதே நல்லது.

மாயழகு கொடைக்கானல் மலையில் ஏறி அந்த ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. பக்கவாதத்தில் விழுந்த மனைவி செல்லத்தாயைப் பல வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தவர். அவள் போன பிறகு, வத்தலகுண்டில் வீட்டைப் பூட்டிச் சாவியைத் தம்பி தவமணியிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். எங்கே போகிறாய் என்று தம்பி கேட்டதற்கு, "எங்கயாச்சும் போயிப் படுக்கணும்" என்றார்.

ஆசிரமம் பெரியதல்ல. நாலைந்து அறை, ஒரு சமையல்கட்டு, மூத்த குருவின் சமாதி, அதைச் சுற்றித் தோட்டம். மூத்தவருக்குப் பின் குருவாக இருந்தவர் ஒரு பெண். வயது நாற்பதைத்தான் தாண்டியிருக்கும். எல்லோருக்கும் அவர் அம்மா. மாயழகுக்கும் அம்மாதான். அவர் மாயழகை "அண்ணே" என்று கூப்பிட்டார்.

வந்த வாரமே மாயழகு அவர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"எனக்குத் தியானம் சொல்லிக் குடுங்கம்மா."

"தூக்கம் வருதா அண்ணே?"

"உக்காந்தா வருது. படுத்தா வரல."

"அப்பத் தியானம் வேணாம். தோட்டத்துல தொட்டியெல்லாம் கவுத்து வச்சிருக்கு. அடியில ஓட்டை அடைச்சிருக்கான்னு பாருங்க."

அப்படித்தான் அந்தக் கிழங்குகள் அவர் கைக்கு வந்தன.

பூவின் பெயர் ஹயாசின்த். குளிர்தேசத்துப் பூ. யாரோ ஒரு பக்தர் மூத்த குருவுக்குக் கொண்டுவந்து கொடுத்தது. ஆசிரமத்தில் அதை மணிக்கிழங்கு என்றார்கள். கிழங்கு பெரிய வெங்காயம் போல இருக்கும். அதிலிருந்து ஒற்றைத் தண்டு எழும்பும். தண்டைச் சுற்றி நெருக்கமாகச் சின்ன மணிகள் விரியும். மோரில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் கரைந்த மாதிரி வெளிர் மஞ்சள். வாசனை மட்டும் பூவின் அளவுக்குப் பொருந்தாதது. சமாதியருகே ஒரு தொட்டி இருந்தால் பாதையில் வருகிறவர் நின்றுவிடுவார்.

கொடைக்கானல் குளிர் அதற்குப் போதாது. புரட்டாசியில் கிழங்குகளைக் காகிதப் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வைப்பார்கள். கார்த்திகை கழியும்வரை அவை அங்கேயே கிடக்கும். அந்த மாதங்களில் ஆசிரமத்து ஃப்ரிட்ஜில் பழம் வைக்கக் கூடாது. பழத்தின் மூச்சுப் பட்டால் கிழங்குக்குள்ளேயே பூ செத்துவிடும். பக்தர்கள் கொண்டுவரும் பேரிக்காயும் ஆப்பிளும் வெளியே கூடையில் கிடந்து சுருங்கும்.

"சாமிக்கு வந்த ஆப்பிளுக்கு எடமில்ல, இந்த வெங்காயத்துக்கு ஏசி ரூம்" என்பான் சமையல்காரப் பிச்சைமணி. ஒருமுறை அவசரத்தில் அதை எடுத்துச் சாம்பாருக்கு நறுக்கப் பார்த்தவன். உரிக்கும்போதே கை அரித்ததால் ஆசிரமம் பிழைத்தது.

மாயழகுக்கும் கை அரித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்தார். தொட்டியில் மணலும் மட்கிய எருவும் கலந்து, கிழங்குகளை ஒன்றையொன்று தொடாமல் நெருக்கி, நுனி மட்டும் வெளியே தெரிய வைத்தார். மிச்சக் கிழங்குகளைத் தோட்டத்தில் மேடு கட்டி, நாலு விரல்கடை ஆழத்தில் புதைத்தார். தண்ணீர் நின்றால் அழுகிவிடும் என்று அம்மா சொல்லியிருந்தார். அதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. மந்திரம் இல்லை, உபதேசம் இல்லை. அவரும் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்குத் தெம்பு இல்லை.

மாசியில் மூத்தவருக்குக் குருபூஜை. அன்றைக்குப் பூவைக் கொய்து சமாதிக்குச் சாத்துகிற வழக்கம் அங்கே கிடையாது. பூத்த தொட்டிகளையே சுமந்துவந்து சுற்றி வைப்பார்கள். அதற்காகத் தொட்டிகளைத் தை மாதத்திலேயே சமையல்கட்டின் வெதுவெதுப்புக்குக் கொண்டுபோய் முன்கூட்டியே பூக்க வைப்பது வழக்கம். தரையில் இருப்பவை அவை இஷ்டத்துக்கு, பூஜைக்குப் பிறகு பூக்கும். அவற்றைப் பார்க்க ஆள் இருக்காது.

அந்த வருடம் எல்லாத் தொட்டியும் பூத்தது. கூட்டம் மூக்கை நீட்டிக்கொண்டு சமாதியைச் சுற்றியது. மாயழகு ஓர் ஓரமாக நின்றார். நல்ல வாசனைதான் என்று அவருக்குத் தெரிந்தது. வாசனை நன்றாக இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அவ்வளவுதான். எப்போது கூட்டம் கலையும், எப்போது போய்ப் படுக்கலாம் என்று இருந்தது.

தொட்டியிலும் பிறகு தரையிலும் பூக்கள் வாடிய சமயத்தில் தவமணியின் மனைவி நாகரத்தினம் போன் செய்தாள்.

"மாமா, ஒங்க தம்பி தென்னைமரத்துல இருந்து விழுந்துட்டாரு. முதுகெலும்பு. ஆஸ்பத்திரியில பாத்துட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இடுப்புக்குக் கீழ உணர்வே இல்ல."

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"நான் மில்லுக்குப் போகலேன்னா அடுப்பெரியாது. பகல்ல பாக்க ஆளில்ல மாமா. ஒங்களுக்குத்தான் இதெல்லாம் பழக்கம். வந்துருங்க."

"பாக்குறேன்மா" என்று வைத்துவிட்டார்.

பழக்கம் என்ற சொல் காதுக்குள் நின்றுகொண்டது. புரட்டிப் போடுவது, துடைப்பது, துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது. கையெல்லாம் பழகித்தான் இருந்தது. கைக்குப் பின்னால் ஆள் இல்லை.

சாணை பிடித்த கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு தொட்டிகளிடம் போனார். பூ முடிந்த தண்டுகளை வெட்டினார். தண்டோடு சேர்த்து இலைகளையும் மண்ணோடு மட்டமாக வெட்டினார். செல்லத்தாயின் படுக்கையருகே கற்ற பாடம் அது. முடிந்ததை உடனே எடுத்துவிட வேண்டும். சாப்பிட்ட தட்டு, நனைந்த துணி, காலியான மருந்துப் பட்டை எதுவானாலும் சரி, ஒரு நிமிடம் விட்டால் ஈ வந்துவிடும். ஒரு தொட்டி விடாமல் வெட்டி, மொட்டையாக வரிசையில் அடுக்கினார். தரைக்கிழங்குகளுக்கு வரும்போது பிச்சைமணி சாப்பிடக் கூப்பிட்டான். கத்தியை மண்ணில் குத்திவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபோது அம்மா தொட்டிகளின் முன்னால் குந்தியிருந்தார்.

"யாரு அண்ணே முடி எறக்கினது?"

"நான்தாம்மா. பூ முடிஞ்சு போச்சே."

"பூ முடிஞ்சுது. இது சாப்பிட உக்காந்த நேரம்."

"என்னம்மா?"

"பூத்ததுல கிழங்கு காலி. இனி இலை வெயில்ல நின்னு சம்பாதிச்சு அதுக்குப் போடணும். பந்தியில உக்காந்தவனுக்கு இலையை எடுத்துட்டீங்க."

மாயழகு தொட்டிகளைப் பார்த்தார். சுத்தமாக இருந்தன.

"தெரியாமச் செஞ்சுட்டேன்."

"தரையில இருக்கிறத வெட்டலையே?"

"பிச்சைமணி சோத்துக்குக் கூப்பிட்டான்."

"அவன் கூப்பிட்டதுல ஒரு நல்லது நடந்துருக்கு."

அம்மா எழுந்திருக்கும்போது மாயழகு கேட்டுவிட்டார். கேட்க நினைக்கவில்லை. தானாக வந்தது.

"தம்பி விழுந்து கெடக்கான்மா. வரச் சொல்றாங்க. நான் போகணுமா?"

அம்மா நின்றார்.

"போகலேன்னா மனுசனில்ல. அது தெரியுது. போனா என்னத்தக் கொண்டுபோறது? செல்லத்தாயி கடைசி வருசம் என் கையப் பாக்கல, என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கெடந்தா. அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அவனும் அதத்தான் பாக்கப்போறான். அதுக்குப் போகணுமா?"

அம்மா தரையில் இருந்த மணிக்கிழங்குகளைக் காட்டினார். அகலமாக, பச்சையாக, இலைகள் நாலாபக்கமும் சாய்ந்து கிடந்தன. பார்க்க அலங்கோலமாகத்தான் இருந்தது.

"இதுக இலை தானாக் காயணும் அண்ணே. லேசா இழுத்தா கையோட வரணும். அதுவரைக்கும் வெட்டக் கூடாது, கட்டக் கூடாது. ஆடு மாடு வராமப் பாத்துக்கங்க."

"தம்பி?"

"வத்தலகுண்டுல எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னார். அம்மா தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஆறுதலுக்கு யாரையாவது அனுப்பிப் பார்த்துவரச் சொல்வார் என்று மாயழகு நினைத்தார்.

காலையில் அம்மா ஒரு துணிப்பையோடு பஸ் ஏறினார். அன்றும் திரும்பவில்லை. மறுநாளும் திரும்பவில்லை. அப்புறம் நாகரத்தினம் போன் செய்தாள்.

"மாமா, நீங்க அனுப்புன நர்ஸம்மா வந்துட்டாங்க."

"யாரு?"

"அதான், மெலிசா, வெள்ளைச் சேலை. நல்லாப் புரட்டிப் போடுறாங்க. பீ மூத்தரமெல்லாம் மொகஞ்சுளிக்காம எடுக்குறாங்க. இவருதான் அவங்கள நாய் மாதிரி வையுறாரு. நீங்க ஒருவார்த்தை சொல்லுங்க மாமா, அவங்க கோவிச்சுக்கிட்டுப் போயிரப் போறாங்க."

அது என் குரு என்று சொல்ல மாயழகுக்கு வாய் வரவில்லை.

பையை எடுத்தார். வாசலில் பிச்சைமணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தான்.

"எங்க?"

"கீழ. அம்மா அங்க போயி…"

"தெரியும். எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாங்க. நீங்க பையத் தூக்குவீங்கன்னும் சொன்னாங்க. எல காஞ்சிருச்சான்னு கேக்கச் சொன்னாங்க."

"காயல."

"அப்பப் பைய உள்ள வைங்க. எனக்கும் பேச்சுத்துணைக்கு ஆளில்ல."

பையை உள்ளே வைத்தார். வைத்தது பற்றி அவருக்கு எப்போதும் வெட்கம் இருந்தது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த இடத்தில் அவர் குரல் இறங்கும்.

அதன்பிறகு அவர் செய்தது ஒன்றுமில்லை. காலையில் வெயில் வந்ததும் பாத்தியருகே ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தார். அம்மாவைத் தேடி வந்தவர்களிடம் "ஊருக்குப் போயிருக்காங்க" என்றார். முதலில் உட்கார்ந்தபடி தூங்கினார். பிறகு சாக்கிலேயே சாய்ந்து தூங்கினார். பிச்சைமணி தட்டோடு வந்து எழுப்புவான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குவார். செல்லத்தாய் படுத்த காலத்திலிருந்து தூங்காத தூக்கமெல்லாம் வரிசையில் நின்றது போலிருந்தது. விழித்திருக்கும்போது வெட்கம். அது களைத்ததும் தூக்கம்.

ஒருநாள் மொட்டையடித்த தொட்டியில் ஒரு கிழங்கைத் தோண்டி எடுத்தார். கையில் கனமே இல்லை. அழுத்தினால் விரல் உள்ளே போனது. மூடி வைத்துவிட்டார்.

பங்குனி வெயில் ஏறியபோது அம்மா வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்துவந்தவர் நேராகப் பாத்திக்கு வந்து சாக்கின் மறுமுனையில் உட்கார்ந்தார். கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது. விரல் நுனிகள் டெட்டாலில் ஊறி வெளுத்திருந்தன.

"அவன் எப்படி இருக்கான்மா?"

"கோவக்காரரு. நேத்துக் கஞ்சியத் தட்டி விட்டாரு."

"உங்க மேலயா?"

"பாதி எம்மேல. பாதி தரையில."

மாயழகு தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களுக்குக் கோவம் வரலையாம்மா?"

"வந்துச்சு. வெளிய போயி, கிணத்தடியில நின்னு ரெண்டு வார்த்தை வஞ்சேன். பக்கத்து வீட்டம்மா ஒருமாதிரியாப் பாத்துச்சு."

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் கொட்டாவியாக மாறியது.

"நாளைக்கு நான் போறேன்மா" என்றார் மாயழகு.

"இலை?"

"நுனியெல்லாம் மஞ்சளாயிருச்சு."

"அடி?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தார்.

"அடி பச்சைதான்."

"நான் மாத்துத்துணி எடுக்கத்தான் வந்தேன். சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பணும். நாகரத்தினம் இன்னைக்கு மில்லுக்கு லீவு போட்டிருக்கு."

மாயழகுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. சீடன் குருவிடம் கோபப்படக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் கோபப்படுகிற அளவுக்கு உடம்பில் ஏதோ ஊறியிருந்தது.

"இது என்னம்மா நியாயம்? உங்களத் தேடி ஜனம் வந்துட்டுத் திரும்பிப் போகுது. நீங்க அங்க எந்தம்பிக்குப் பீத்துணி அலசுறீங்க. நான் இங்க வெயில்ல குந்திக்கிட்டு எலையப் பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்காக நீங்க ஏன் போகணும்?"

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் போகலேன்னா நீங்க போயிருவீங்க அண்ணே."

மாயழகு சாக்கை உதறி மறுபடி பாத்தியருகே விரித்தார்.

சித்திரை முடிகிற சமயம் இலைகள் வைக்கோல் நிறத்துக்கு வந்தன. ஒருநாள் காலையில் ஒன்றைப் பிடித்து லேசாக இழுத்தார். கையோடு வந்தது. அடுத்ததும் வந்தது. எல்லாவற்றையும் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, பிச்சைமணியிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறினார்.

வத்தலகுண்டில் தம்பி வீட்டுக் கதவு திறந்திருந்தது. அம்மா தவமணியை ஒருக்களித்துப் போட்டு முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாயழகு செருப்பைக் கழற்றினார். அம்மா திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த ஈரத்துணியை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். அம்மா சொம்பில் தண்ணீர் மொண்டு கையைக் கழுவி, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"யாருண்ணே அந்தப் பொம்பள, வாயே தொறக்க மாட்டேங்குது" என்றான் தவமணி.

"தெரிஞ்சவங்க" என்றார் மாயழகு. "கையத் தூக்கு."

தவமணி இரண்டு மழைக்காலம் உயிரோடு இருந்தான். மாயழகு கடைசிவரை கூடவே இருந்தார். எரிச்சல் வராமல் இல்லை. வந்தது, போனது, மறுபடி வந்தது. தவமணி முகத்தைப் பார்ப்பான். "என்னடா பாக்குற?" என்பார் இவர். "ஒன்னையப் பாக்காம வேற எவனப் பாக்குறது, இங்க வேற எவன் இருக்கான்?" என்பான். சில நாள் இருவரும் சிரிப்பார்கள்.

முதல் மாசியில் பிச்சைமணி போனில் கூப்பிட்டான். தொட்டிக்கிழங்கு ஒன்றுகூட எழும்பவில்லை என்றான். தரைக்கிழங்கில் சில பூத்திருந்தன. தண்டு மெலிவு. மணி எண்ணிவிடுகிற அளவுக்குத்தான்.

"வாசனை?" என்று கேட்டார் மாயழகு.

"அதெல்லாம் போன்ல எப்படிண்ணே காட்டுறது?" என்றான் அவன்.

அந்த வருடம் குருபூஜைக்கு அம்மா அறையைவிட்டு வெளியே வரவில்லை என்றும் சொன்னான். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, படுத்தேதான் இருக்கிறார் என்றான்.

மாயழகு எப்போது சொன்னாலும் கதையை இங்கேதான் நிறுத்துவார். நிறுத்திவிட்டு வேறு பேச்சுக்குப் போவார்.

நம்பாததற்குக் காரணம் உண்டு. நாகரத்தினத்தை ஒரு கல்யாண வீட்டில் பார்த்து விசாரித்தபோது, "அது ஒரு நர்ஸம்மா, மாமாதான் ஏற்பாடு பண்ணினாரு, பேருகூடத் தெரியாது" என்றாள். அடித்துச் சொன்னாள். அவளுக்குப் பொய் சொல்லவேண்டிய அவசியம் கிடையாது. ஒரு குரு, தன்னை நாடி வந்தவர்களை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒருவனுக்குப் படுக்கை மாற்றப் போனாள் என்பதைவிட, குற்றவுணர்வில் இருந்த ஓர் அண்ணன் கூலிக்கு ஆள் அமர்த்திவிட்டு, பிறகு அந்த ஆளுக்கு ஒளிவட்டம் வரைந்தான் என்பதுதான் நம்ப எளிது. ஆனால் அப்படி இட்டுக்கட்டுகிறவன் தான் பையை உள்ளே வைத்த இடத்தையும், அம்மா படுத்துவிட்ட இடத்தையும் ஏன் கதையில் வைத்திருக்கிறான்? வேண்டாத இடங்கள் அவை. விட்டுவிட்டால் கதை இன்னும் அழகாக இருக்கும்.

இப்படி யோசித்து யோசித்து வருடங்கள் போயின. போன ஐப்பசியில் வத்தலகுண்டு பஸ் ஸ்டாண்டில் மாயழகு தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது. நலம் விசாரித்து முடித்ததும் அவர் வழக்கம்போலக் கதையை ஆரம்பித்தார். வழக்கம்போல அதே இடத்தில் நிறுத்தினார். கொடைக்கானல் பஸ் ஒன்று புறப்பட்டுப் போனது. அவர் அதைப் பார்க்கவில்லை, டீயைப் பார்த்தார். அப்போதுதான் நடந்ததா நடக்கவில்லையா என்பது கேட்கவேண்டிய கேள்வியே அல்ல என்று எனக்குத் தோன்றியது.

"அண்ணாச்சி, அம்மா படுத்துட்டப்ப, அவங்களுக்காக யாரு போனாங்க?"